கூப்பிட்ட குரலுக்குப் போய்த் திரும்பும்போது

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மரவேலை செய்பவருக்கு எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு: கவனம் சிதறாமல் செய்யுங்கள். சொல்பவரின் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போயிருப்பார்கள். இல்லையென்றால் அவர் வேலை பார்த்த நேரத்தில் பிள்ளைகளை வேறு யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்று வயதுக் குழந்தை வீட்டில் விழித்திருக்கும்போது கவனம் சிதறத்தான் செய்யும். அதைத் தடுக்க இந்த அத்தியாயத்தில் வழி எதுவும் கிடையாது. சிதறினாலும் பலகை வீணாகாமல், விரல் போகாமல் வேலையை எப்படி அமைத்துக்கொள்வது என்பதுதான் இங்கே விஷயம்.

குழந்தை கூப்பிடும் நொடியில் தவறு நடப்பது குறைவு. "அம்மா, முடிச்சிட்டேன்!" என்று கழிப்பறையிலிருந்து குரல் வருகிறது. ரம்பத்தை வைத்துவிட்டுப் போகிறோம். கழுவிவிட்டு, ஜட்டி மாட்டிவிட்டு, சிந்திய தண்ணீரைத் துடைத்துவிட்டு, அப்படியே அடுப்பில் இருக்கும் பாலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறோம். பலகையில் இரண்டு பென்சில் கோடுகள். எது அறுக்க வேண்டிய கோடு, எது தட்டு வந்து உட்கார வேண்டிய கோடு? போகும்போது தெரிந்திருந்தது. இப்போதும் தெரிந்த மாதிரித்தான் இருக்கிறது. ஈரக் கையோடு ரம்பத்தை எடுத்துத் தப்பான கோட்டில் வைக்கிறோம்.

ஆக, திரும்பி வரும் அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மனசில் இருந்த கணக்கு குழந்தையைக் கழுவும்போதே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் எழுதியிருப்பது மட்டும்தான் மிச்சம். எழுதியிருப்பதை வைத்து அடுத்த வேலை என்ன என்று வேறு ஒருவர் சொல்ல முடியுமா? முடியும் என்றால் நீங்களும் தைரியமாகத் தொடரலாம். முடியாது என்றால் டேப்பை எடுத்து முதலிலிருந்து அளக்க வேண்டியதுதான்.

விமானிகளுக்கு இது பழகிய சிக்கல். 1974 செப்டம்பரில், அமெரிக்காவின் சார்லட் நகரில் இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று ஓடுபாதையைத் தொடும் முன்பே விழுந்தது. இறங்கும் நேரத்தில் விமானி அறையில் அரசியலும் பழைய கார்களும் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு 1981-ல், 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது என்று அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் விதி போட்டது. நம் வீட்டு வாண்டுகளுக்கு எந்த விதியும் செல்லாது. ஆனால் விமானிகளுக்குச் சொல்லித்தரும் இன்னொரு பழக்கம் நமக்கு உதவும்: சரிபார்ப்புப் பட்டியலைப் படிக்கும்போது நடுவில் யாராவது குறுக்கிட்டு, எங்கே விட்டோம் என்ற சந்தேகம் வந்தால், ஊகித்துத் தொடராமல் முதல் வரியிலிருந்து படிப்பது. பலகை அளக்கும்போதும் அதுவே.

அளவு

கைக்கு அடக்கமான ஒரு புத்தக அலமாரியை எடுத்துக்கொள்வோம். 3 அடி உயரம், இரண்டரை அடி அகலம், 18 மி.மீ. பிளைவுட். அகலம் 762 மி.மீ. இரண்டு பக்கப் பலகைகளின் கனம் 36 மி.மீ. போக, உள்ளே வரும் தட்டின் நீளம் 726. இதில் கணக்கு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் 762-ல் ஒரு 18-ஐக் கழித்து முடித்த தருணத்தில், "அப்பா, டைனோசருக்கு ஏன் காது இல்ல?" என்று கேள்வி வருகிறது. பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் கையில் 744 இருக்கிறது. கழித்தாயிற்று என்ற நினைவும் இருக்கிறது. நாலு தட்டுகளும் 744-ல் அறுபடும். இப்படி ஒரு பலகைக் கனம் அதிகமாக அறுபட்ட தட்டை மறுபடி அறுத்துக்கொள்ளலாம், பிழைத்தோம். இரண்டு முறைக்குப் பதில் மூன்று முறை கழித்திருந்தால் 708-ல் நிற்கும், அதை ஒன்றும் செய்ய முடியாது.

இந்தக் கணக்கை வேலை நேரத்தில் போடவே கூடாது என்பது என் கட்சி. முந்தின இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, காகிதத்தில் போட்டு முடித்து, அறுக்க வேண்டிய துண்டுகளின் பட்டியலை மட்டும் காலையில் கையில் எடுக்க வேண்டும். அதற்கு முன் பலகையின் நிஜக் கனத்தை அளந்துகொள்ளுங்கள். 18 என்று வாங்கியது 17.5 இருக்கலாம்.

அதைவிட நல்லது, எண்ணே இல்லாமல் வேலை செய்வது. ஒரு நேரான ரீப்பர் கட்டையை எடுத்து, அதில் தட்டின் நீளம், பக்கத்தின் உயரம், தட்டுகள் வரும் இடம் எல்லாவற்றையும் கோடுகளாகக் குறித்து, ஒவ்வொரு கோட்டின் அருகிலும் அது என்ன என்று எழுதிவிடுங்கள். பிறகு டேப் வேண்டாம். கட்டையைப் பலகை மேல் வைத்துக் குறியை மாற்றிக்கொள்வதுதான் வேலை. முழக்கோல் பிடித்த பழைய தச்சர்கள் டேப் இல்லாமலே கோயிலும் தேரும் செய்தவர்கள். பக்கத்தில் ஒரு குழந்தை "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, பத்து" என்று சத்தமாக எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டில் ரீப்பர் கட்டையின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். தலைக்குள் வைத்திருக்கும் 726-ஐ அந்தக் குரல் அழித்துவிடும். கட்டையில் போட்ட கோட்டை அது ஒன்றும் செய்யாது.

டேப்பைப் பற்றி இரண்டு விஷயம். அதன் நுனியில் உள்ள கொக்கி லேசாக ஆடும். அது கோளாறு இல்லை. கொக்கியின் கனத்தளவுக்கு ஆடும்படி வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். விளிம்பில் மாட்டி இழுத்து அளந்தாலும், சுவரில் முட்டி அளந்தாலும் ஒரே அளவு வருவதற்காக. பிள்ளைகளுக்கு டேப் என்றால் உயிர். முழுதாக இழுத்து, பொத்தானை அமுக்கி, சர்ரென்று உள்ளே போய் டப்பென்று மோதுவதைப் பார்ப்பதில் இருக்கும் சந்தோஷம் வேறு எந்தப் பொம்மையிலும் இல்லை. இப்படி மோதி மோதிக் கொக்கி வளைந்துவிடும், ஆணி தளர்ந்துவிடும், அளவு ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. தப்பும். குழந்தைக்கென்று பழைய டேப் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். உங்களுடையதை வேலைக்கு எடுக்கும் முன் ஓர் இரும்பு ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, கொக்கியை நம்பாதவர்கள் 1 அங்குலக் கோட்டிலோ 1 செ.மீ. கோட்டிலோ பிடித்து அளப்பார்கள். அளந்ததில் அந்த ஒன்றைக் கூட்டவோ கழிக்கவோ மறந்தால் பலகை ஒரு செ.மீ. குறையும். அது கண்ணுக்குத் தெரியாது. பசை போட்டுப் பூட்டும்போதுதான் தெரியும். ஒன்றில் பிடிக்காமல் 10 செ.மீ. கோட்டில் பிடியுங்கள். 726 வேண்டும் என்றால் 82.6-ல் குறி. மறந்தால் தட்டு 62.6 செ.மீ. ஆகிவிடும், ஆனால் ஏற்கனவே அறுத்த தட்டின் பக்கத்தில் குறியை வைத்துப் பார்த்தவுடனே "இது என்ன, அரைகுறையாக இருக்கிறதே" என்று தோன்றிவிடும், அறுப்பதற்கு முன்பே. மறக்கத்தான் போகிறோம் என்றால், கண்ணில் அறைகிற மாதிரி மறப்பது மேல்.

வாள் தின்னும் அளவையும் பட்டியலிலேயே சேர்த்துவிட வேண்டும். 8-க்கு 4 அடி பலகை என்பது 2440-க்கு 1220 மி.மீ. அதை நீளவாக்கில் ஓர் அடி அகலத்தில் நாலாகப் பிளந்தால் மூன்று வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் வட்ட வாள் 3 மி.மீ.வரை தூளாக்கிவிடும். நாலாவது துண்டு 305-க்குப் பதில் 296-தான் வரும். ஆசாரிக் கணக்கில் 8 நூல் ஓர் அங்குலம். அப்படிப் பார்த்தால் இது கிட்டத்தட்ட மூன்று நூல் குறை. கவனம் முழுதாக இருப்பவரும் செய்யும் தவறுதான் இது. ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கு நடுவிலும் எழுந்து போய் வருபவர் கூடுதலாக ஒன்று செய்வார்: முதல் வெட்டில் கோட்டின் வெளிப்பக்கம் வாள் போகும், அடுத்ததில் உள்பக்கம் போகும்.

குறி

அதற்கு மருந்து, கழிவுப் பக்கத்தில் பெரிய பெருக்கல் குறி. சின்னதாக ஓரத்தில் போடாதீர்கள். உள்ளங்கை அகலத்துக்குப் போடுங்கள். வாள் எப்போதும் பெருக்கல் குறி இருக்கும் பக்கத்தைத் தின்னட்டும். தட்டு உட்காரும் இடத்தைக் காட்டும் கோட்டுக்குப் பெருக்கல் குறி கிடையாது. ஆகவே பெருக்கல் குறி இல்லாத கோட்டில் ரம்பமே வைக்கக் கூடாது. ஆரம்பத்தில் சொன்ன இரண்டு கோட்டுக் குழப்பம் இதோடு தீர்ந்தது.

பிள்ளைகள் உள்ள வீட்டில் இன்னொரு சிக்கல், கோடு போடுவது நீங்கள் மட்டும் இல்லை. நீங்கள் பலகையில் கோடு போடுவதைப் பார்த்த குழந்தை, நீங்கள் அந்தப் பக்கம் போனதும் தானும் நாலு கோடு போடும். அதில் ஒன்று உங்கள் கோட்டைவிட நேராகக்கூட இருக்கும், ஸ்கேல் பக்கத்திலேயே கிடந்தால். திட்டிப் பயனில்லை. வேலைக்கென்று சிவப்புப் பென்சில் வைத்துக்கொண்டு அதைக் காதிலிருந்தோ சட்டைப் பையிலிருந்தோ இறக்காமல் இருந்தால் போதும். குழந்தைக்கு நீல கிரேயான். நீலம் எத்தனை இருந்தாலும் கவலை இல்லை, உப்புத்தாளில் போய்விடும்.

அடுத்து, இரண்டு இடப் பக்கம். வீட்டில் அலமாரி செய்பவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இடப் பக்கப் பலகையில் தட்டுகளுக்கான துளைகளைப் போட்டு முடிக்கிறோம். குழந்தைக்குச் சாதம் ஊட்டிவிட்டு வருகிறோம். அதே பலகையைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்றைப் போடுகிறோம். பூட்டும்போது பார்த்தால் இரண்டும் இடம். ஒன்றின் துளைகள் வெளியே பார்க்கின்றன. தவிர்க்க வழி, இரண்டு பக்கப் பலகைகளையும் புத்தகம் விரித்த மாதிரி அருகருகே படுக்க வைத்து, முன் விளிம்புகள் இரண்டும் நடுவில் தொட்டுக்கொண்டிருக்க, மூலைமட்டத்தை வைத்து இரண்டின் மேலும் ஒரே கோடாக இழுத்துவிடுவது. குறி இரண்டிலும் முடியும்வரை எழுந்திருக்காதீர்கள். இரண்டு நிமிஷ வேலைதான். அவ்வளவு நேரம் எந்தக் குழந்தையும் காத்திருக்கும், அழுதுகொண்டாவது.

அதோடு ஒரு முக்கோணம். விரித்து வைத்த இரண்டு பலகைகளின் மேலும் சேர்ந்து வரும்படி ஒரு பெரிய முக்கோணத்தை, அதன் கூர்முனை அலமாரியின் மேல் பக்கத்தைக் காட்டும்படி வரையுங்கள். பாதி முக்கோணம் இந்தப் பலகையில், மீதிப் பாதி அந்தப் பலகையில். தட்டுகளையும் அடுக்கி அவற்றின் முன் விளிம்புகளின் மேல் இன்னொரு முக்கோணம். பல நாட்டுத் தச்சர்கள் காலங்காலமாகச் செய்வதுதான் இது. எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும், பிள்ளைகள் பலகைகளை இழுத்துப் போட்டுச் சறுக்குமரம் விளையாடியிருந்தாலும், முக்கோணத்தைச் சேர்த்தால் எது மேல், எது முன், எது இடம் என்று பலகையே சொல்லிவிடும்.

இதைவிட ஒரு படி மேலே போகலாம். மேலிருந்து தட்டுகள் இருக்கும் தூரங்களும் கீழிருந்து தட்டுகள் இருக்கும் தூரங்களும் ஒன்றாக இருக்கும்படி அலமாரியை வடிவமைத்தால், பக்கப் பலகையைத் தலைகீழாகத் திருப்பினாலும் துளைகள் அதே இடத்தில் வரும். இடப் பலகையே வலப் பலகையும் ஆகிவிடும். தவறு செய்ய வாய்ப்பே இல்லாத வடிவம். அழகில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்தான். கடைக்குட்டி பள்ளிக்கூடம் போகும்வரை அழகு கொஞ்சம் காத்திருக்கட்டும்.

நடுவில் விட முடியாதவை

மரவேலையில் பெரும்பாலான கட்டங்களை எந்த நொடியிலும் விட்டுவிட்டுப் போகலாம். உப்புத்தாள் தேய்ப்பது, இழைப்பது, கைரம்பத்தால் அறுப்பது, குறி போடுவது எல்லாம் பகல் வேலை. விட முடியாதவை மூன்று: பசை, மைக்கா ஒட்டுவது, மெஷின் வெட்டு. இவற்றுக்கு வீட்டில் இன்னொரு பெரியவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அல்லது பிள்ளை தூங்க வேண்டும். தூக்கம் என்றால் மெஷின் கிடையாது, எழுந்துவிடும். ஆகவே தூங்கும் நேரம் பசைக்கு, பாட்டி வரும் நேரம் மெஷினுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம்.

வெள்ளைப் பசை, அதாவது நாம் பொதுவாக ஃபெவிகால் என்று சொல்லும் வகை, தடவிய பிறகு சுமார் பத்து நிமிஷத்துக்குள் பலகைகள் சேர்ந்து, கிளாம்ப் இறுகியிருக்க வேண்டும். வெயில் காலத்தில் மின்விசிறிக்குக் கீழே அதற்குள்ளாகவே மேலே ஏடு படிந்துவிடும். பாதி இறுக்கிய நிலையில் போய்விட்டு வந்தால் அலமாரி கோணலாகவே பிடித்துக்கொள்ளும். பசையைத் திறக்கும் முன் ஒருமுறை பசையில்லாமல் எல்லாவற்றையும் பூட்டிப் பார்த்து, கிளாம்ப்களைச் சரியான அகலத்துக்குத் திறந்து வைத்து, ஈரத்துணி, சுத்தியல், டேப் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூல் வேன் வரும் நேரத்துக்கு முந்தின அரை மணியில் பசை டப்பாவைத் தொடவே வேண்டாம்.

பூட்டியதும் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். 762-க்கு 914 மி.மீ. சட்டத்தில் இரண்டு குறுக்களவும் 1190 வர வேண்டும். எண் முக்கியமில்லை, இரண்டும் சமமாக இருப்பதுதான் முக்கியம். ஒன்று 1187, இன்னொன்று 1193 என்றால் நீளமான மூலைகளுக்கு நடுவே ஒரு கிளாம்ப் போட்டு மெல்ல இழுத்தால் சரியாகும், பசை பச்சையாக இருக்கும்வரை. இந்த இடத்தில் கூப்பிட்டால்? விழுந்து அடிபட்ட அழுகையா, வெறும் அழைப்பா என்பது உங்களுக்கே குரலில் தெரிந்துவிடும். அடிபட்ட அழுகை என்றால் யோசிக்காமல் போங்கள். வெறும் அழைப்பு என்றால் பலகையைக் கழற்றிப் பசையைத் துடைத்துவிட்டுப் போங்கள், பிறகு புதிதாகத் தொடங்கலாம். பாதி பிடித்த பசையின் மேல் புதுப் பசை தடவிச் சமாளிப்பது மட்டும் வேண்டாம். அந்த இணைப்பு நிற்காது.

மைக்கா ஒட்டும் ரப்பர் பசை வேறு ரகம். இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவு காயவிட்டு, பிறகு சேர்க்க வேண்டும். சேர்ந்த நொடியில் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. காயவிடும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் சின்ன விரல்களும் பாதங்களும் அதில் பதியும். தவிர, அதன் கரைப்பான் ஆவி எளிதில் தீப்பற்றும், மூச்சுக்கும் ஆகாது. சாமி விளக்கு எரியும் கூடத்தில் வைத்து அதைத் திறக்கவே கூடாது. மொட்டை மாடிதான் அதற்கு இடம். குழந்தை கீழே, மாடிக் கதவு சாத்தியிருக்க வேண்டும்.

மெஷின்

இதில் என்னிடம் சமரசம் கிடையாது. குழந்தையோடு நீங்கள் மட்டும் வீட்டில் இருக்கும்போது சுற்றும் வாள் உள்ள எந்த மெஷினையும் எடுக்காதீர்கள். கைரம்பம் மெதுவானது, ஆனால் கையை எடுத்தால் அப்படியே நின்றுவிடும். கிரைண்டரில் மர பிளேடு மாட்டி, மேல்மூடியைக் கழற்றிவிட்டு பிளைவுட் அறுப்பதைப் பல வேலையிடங்களில் பார்க்கலாம். நிமிஷத்துக்கு 10,000 சுற்றுக்கும் மேல் ஓடும் அந்த மெஷின் மரத்துக்காகச் செய்ததே இல்லை. பல் மாட்டினால் கையை மீறி எகிறும். குழந்தை இருக்கும் வீடோ இல்லாத வீடோ, அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

மெஷின் ஓடும்போது பின்னால் வருபவரின் காலடி கேட்காது, கூப்பிடும் குரலும் அநேகமாகக் கேட்காது. காலைப் பிடித்து இழுத்தால்தான் தெரியும், அதுதான் பயங்கரம். ஆகவே கதவைச் சாத்திக்கொண்டுதான் வெட்ட வேண்டும். குரல் கேட்டுவிட்டால் தலையைத் திருப்பாதீர்கள். விசையை விடுங்கள், வாள் முழுதாக நிற்கும்வரை மெஷினைப் பலகை மேலேயே அசையாமல் பிடித்திருங்கள், பிறகு திரும்புங்கள். போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போக வேண்டும். சுவிட்சை அணைப்பது போதாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சிவப்பு விளக்கு எரியும் சுவிட்சைத் தட்டாத குழந்தை உண்டா? பேட்டரி டிரில் என்றால் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சின்னப் பொருளையும் சொல்லிவிட வேண்டும். டிஜிட்டல் வெர்னியர் போன்ற அளவு கருவிகளில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிதான்; காலையில் பார்க்கலாம் என்பதே கூடாது.

உண்மையில் பெரிய வெட்டுகளை நீங்கள் வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. பிளைவுட் விற்கும் பல கடைகளில் பட்டியலைக் கொடுத்தால் மேஜை வாளில் அறுத்தே தருவார்கள். விளிம்பு நேராக இருக்கும், வீட்டில் தூள் பறக்காது. நானே அறுத்தேன் என்ற பெருமை மட்டும் போகும். கைக்குழந்தை உள்ளவர்கள் அந்தப் பெருமையைத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம்.

ஆனபின் சரிசெய்வது

எவ்வளவு பார்த்தாலும் சிலது தப்பும். ஒரு தட்டு மட்டும் 6 மி.மீ. குட்டையாகிவிட்டதா? உடனே புதுப் பலகை தேடாதீர்கள். இன்னும் பூட்டவில்லை என்றால் மற்றத் தட்டுகளையும் அதே அளவுக்கு அறுத்துவிடுங்கள். அலமாரி 6 மி.மீ. ஒடுங்கியது வீட்டில் யாருக்கும் தெரியாது. மேல், கீழ் பலகைகளையும் அதே அளவு குறைக்க மறக்காதீர்கள். ஆழத்தில் குறைந்திருந்தால் இன்னும் எளிது: முன் விளிம்பில் பீடிங் பட்டை ஒட்டினால் குறையும் மறையும், பிளைவுட்டின் அடுக்குகளும் மறையும்.

தப்பான இடத்தில் போட்ட ஸ்க்ரூ துளைக்கு மூங்கில் குச்சியைப் பசையில் தோய்த்து அடித்து, காய்ந்ததும் உளியால் மட்டமாகச் சீவிவிடலாம். பக்கத்திலேயே சரியான துளை போட வேண்டுமென்றால் பசை ஒரு நாள் முழுக்கக் காயட்டும். இல்லாவிட்டால் டிரில் பிட் பழைய துளைக்கே வழுக்கிக்கொண்டு போகும். மேலே மைக்கா வருகிறது என்றால் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தாலே போதும். பாலிஷ் போடுவதாக இருந்தால் அது வேலைக்காகாது. அந்த இடம் சாயத்தை வேறு மாதிரி குடித்துத் திட்டாகத் தெரியும்.

ஸ்க்ரூ மறுபக்கம் எட்டிப் பார்ப்பது குழந்தையின் நேரடிக் கைவரிசை. முக்கால் அங்குல ஸ்க்ரூ 19 மி.மீ.; தட்டைத் தாங்கும் இரும்பு ஆங்கிளின் கனம் போக 18 மி.மீ. பலகைக்குள் மயிரிழையில் அடங்கும். ஓர் அங்குல ஸ்க்ரூ 25 மி.மீ., கண்டிப்பாக வெளியே வரும். இரண்டு டப்பாவையும் கொட்டி, கலந்து, "நான் அடுக்கி வெச்சிட்டேன்" என்று திரும்ப வைத்திருப்பார்கள். டப்பாவின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் பலகையின் கனத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு முடுக்குங்கள். டிரில் பிட்டிலும் வேண்டிய ஆழத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால், பேசிக்கொண்டே துளை போட்டாலும் மறுபக்கம் போகாது. எட்டிப் பார்த்த முனையைத் தேய்த்து மழுக்குவது வேண்டாம். கழற்றிவிட்டுக் குட்டை ஸ்க்ரூ போடுங்கள். தவழும் குழந்தையின் தலை உயரத்தில்தான் அது இருக்கும்.

உதவி செய்ய வேண்டும் என்று அடம் பிடிக்கும் பிள்ளைக்கு உங்கள் வேலையில் பங்கு கொடுக்காமல் தனி வேலை கொடுங்கள்: கழிவுக் கட்டை ஒன்று, உப்புத்தாள் துண்டு ஒன்று. கட்டை வழவழப்பானதும் கன்னத்தில் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டை பைன் அல்லது தேக்காக இருக்கட்டும். பிளைவுட் துண்டு சிலாம்பு ஏற்றிவிடும். தூள் மூக்கில் ஏறாதபடி காற்று ஓடும் இடத்தில் உட்கார வையுங்கள். நீங்கள் மெஷினில் தேய்க்கும் தூளுக்குப் பக்கத்தில் பிள்ளை இருக்கவே கூடாது.

வேலை முடிந்ததும் தரையைப் பெருக்கினால் மட்டும் போதாது, ஸ்க்ரூக்கள் துடைப்பத்துக்கு அடங்காமல் சோபாவுக்குக் கீழே ஓடும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு பாலிதீன் பையில் போட்டு, அந்தப் பையோடு தரையெங்கும் இழுங்கள். ஸ்க்ரூ, ஆணி, பின் எல்லாம் பையின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். டப்பாவுக்கு மேலே பிடித்துப் பையை உள்வெளியாகத் திருப்பிக் காந்தத்தை உருவினால் அத்தனையும் பைக்குள்ளேயே நிற்கும். முளைக்குச்சி, பித்தளை ஸ்க்ரூ இரண்டும் காந்தத்தில் ஒட்டாது; அவற்றைக் கையால்தான் பொறுக்க வேண்டும், குழந்தை எழுவதற்குள்.